ஒரு தட்டில் ஆறு கை

நமது கல்லூரி விடுதி நினைவுகளை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். தண்ணீர்ப் பருப்பைப் பற்றி எழுத என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு வருடம் விடுதியின் நீள மேசையில் சாப்பிட்டும் நான் பழகாத ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வருகிறது.

1981இல் ஆங்கிலம் படிப்பிக்க எத்தியோப்பியா போனேன். நம்மவர்கள் நைஜீரியா, சாம்பியா என்று வாத்தியார் வேலைக்குப் புறப்பட்ட காலம் அது. எனக்கு விழுந்தது கோஜம் பகுதியில் உள்ள டெப்ரெ மார்கோஸ். அடிஸ் அபாபாவிலிருந்து பஸ் எடுத்தால், நீல நைல் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுகரையில் ஏறவேண்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு முதல் மாதம் முழுக்க நடுங்கியது.

அங்கே ஏழாம் வகுப்பிலிருந்து பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளைகளில் பாதிப் பேர் தூரக் கிராமத்தார். நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுப்பார்கள். சனி ஞாயிறு வீட்டுக்கு நடந்துபோய், ஒரு கிழமைக்கான சாப்பாட்டைத் தோளில் சுமந்து வருவார்கள். அப்படி ஐந்து பையன்கள் இருந்த அறைக்கு ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆக இளையவன் செம்பு மாதிரி ஒன்றிலிருந்து என் கையில் தண்ணீர் வார்த்தான். நடுவில் ஒரு தகரத் தட்டு. அதில் பாய் விரித்ததுபோல இன்ஜெரா. தெஃப் என்று கசகசா அளவில் ஒரு தானியம்; அதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்துச் சுடுவது. நம் தோசைக்குப் பெரியண்ணன் என்று வையுங்கள், ஆனால் திருப்பிப் போடுவதில்லை. மேலே உள்ள துளைகளை அவர்களும் ‘கண்’ என்றுதான் சொல்கிறார்கள். அதன்மேல் ஷீரோ: வறுத்த கடலை மாவில் பெர்பெரே என்ற மிளகாய்த் தூளைச் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. அந்தத் தூளில் வெந்தயமும் உண்டு. மூடியைத் திறந்தபோது அம்மா கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கும் வாசம் வந்தது.

அவரவருக்குத் தட்டு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து கை தட்டுக்குள் போனது. என் கை மடியில் கிடந்தது.

காரணத்தை ஒளிக்கத் தேவையில்லை. எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவன் நான். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு எங்கள் வீட்டில் சிரட்டையில்தான் தண்ணீர் வார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்திருந்து சாப்பிடும் சமபோசனம் என்றதற்கே சண்டை பிடித்த ஊர் நம்முடையது. விடுதியில் ஒரே மேசைதான், ஆனால் தட்டு அவரவருக்கு. பக்கத்துத் தட்டில் கை வைத்தவன் யார்?

நான் தயங்குவதை இளையவன் கண்டான். இன்ஜெராவைக் கிள்ளி, ஷீரோவைச் சுற்றி, “காஷே” என்று என் வாயருகே நீட்டினான். காஷே என்றால் நம்முடைய ஐயா போல ஒரு மரியாதைச் சொல். ஊட்டுவதற்குக் குர்ஷா என்று பெயர். வாயை மூடிக்கொண்டால் அவமானம் என்று பிறகு சொன்னார்கள். அன்று எப்படித் திறந்தேனோ தெரியாது. விழுங்கி முடிக்குமுன் அடுத்தது வந்தது. ஒன்றோடு நிறுத்தினால் சண்டை வரும், இரண்டாவதுதான் அன்பு என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு.

பிறகு வெள்ளிதோறும் போனேன். புதனும் வெள்ளியும் அவர்களுக்கு விரத நாள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். சைவக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? என் பங்குக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோவேன். சோற்றை மரியாதைக்குத் தின்றார்கள். பருப்பு மட்டும் மிஞ்சவே இல்லை.

வகுப்பில் சாப்பாட்டு மேசை உரையாடல் ஒன்று இருந்தது. “வுட் யூ லைக் சம் மோர்?” “நோ, தேங்க் யூ.” இலக்கணம் எல்லோருக்கும் விளங்கியது, விஷயம்தான் விளங்கவில்லை. விருந்தாளியிடம் வேண்டுமா என்று கேட்பதா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? இளையவன் எழும்பி, “டீச்சர், திஸ் இஸ் எ பேட் ஹவுஸ்” என்றான். நமது கல்லூரியில் இதே மாதிரிப் பாடத்தை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் பாடமாக்கி ஒப்பித்திருந்தேன். ‘வேண்டாம்’ என்றால் இன்னும் ஓர் அகப்பை விழும் வீட்டிலிருந்து வந்தவன் கேட்டிருக்க வேண்டும்.

1983 ஜூலை. அங்கே மாரி, பள்ளிக்கூடம் விடுமுறை. கொழும்பு எரிவதை வானொலியில் கேட்டேன். வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. செய்தி எப்படிப் போனதோ, மூன்றாம் நாள் மழைக்குள் இளையவன் தன் தாயோடு வந்து நின்றான். கையில் மூடிய கூடை. இழவு வீட்டுக்கு அயலார் சாப்பாடு கொண்டுபோவது அங்கேயும் வழக்கம். யாரும் செத்ததாக இன்னும் தெரியாது என்று அந்த அம்மாவுக்கு விளக்க என்னிடம் அவ்வளவு அம்ஹாரிக் இருக்கவில்லை.

அவன் கை கழுவ வார்த்தான். நான் தொடவில்லை. முதல் வாயை அவனே ஊட்டினான்.

“நோ, தேங்க் யூ” என்றேன், நான் படிப்பித்தபடியே.

அவன் இரண்டாவதைச் சுற்றத் தொடங்கினான்.