கசக்குதுன்னு நினைச்சேன், கடைசில பார்த்தா புளிப்பு

ஒரு பாக்கெட் மீடியம் ரோஸ்ட் பிளெண்ட் காபி, அதாவது நடுத்தரமா வறுத்து பல ஊர்க் கொட்டையைக் கலந்தது, வாங்கி ரெண்டு வாரம் அதைத் திட்டிக்கிட்டே குடிச்சேன். கவர்ல சாக்லேட், நட்ஸ், லேசா சிட்ரஸ்னு என்னென்னமோ போட்டிருந்துச்சு, என் கப்புல ஒண்ணும் வரல, முகம் சுளிச்சதுதான் மிச்சம். கசக்குதுன்னு முடிவு பண்ணி தண்ணி சூட்டைக் குறைச்சேன், இன்னும் மோசமாச்சு, சரி தூளையும் குறைப்போம்னு குறைச்சா காபி கழுவின தண்ணி மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒருநாள் அவசரமில்லாம உட்கார்ந்து ஒரு வாயை நாக்குல கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்தப்பதான் உறைச்சுது, இது கசப்பே இல்ல, புளிப்பு. அவ்வளவு நாளா காய்ச்சலுக்கு பல்லுவலி மாத்திரை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

காபியில கெட்டதா இருக்குற எல்லாத்தையும் மொத்தமா கசப்புன்னு சொல்லிடுறோம். ஆனா கசப்பு வேற, புளிப்பு வேற, துவர்ப்பு வேற. குடிச்சு முடிச்சதும் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்குது பாருங்க, அது துவர்ப்பு. இந்த மூணையும் பிரிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் தனி.

முதல்ல வாங்குற கதை. காபிக் கொட்டையை வறுக்கும்போது சுமார் 196 டிகிரி செல்சியஸ் பக்கத்துல படபடன்னு வெடிக்கும், ஃபர்ஸ்ட் கிராக்னு சொல்றாங்க, 225 டிகிரி கிட்ட ரெண்டாவது தடவை வெடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தினா மீடியம். புளிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும், இனிப்பு ஏறியிருக்கும், ஆனா கொட்டை விளைஞ்ச ஊரோட வாசம் இன்னும் கருகிப் போயிருக்காது. பிரச்சனை என்னன்னா இந்தப் பேருக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுன்னு ஒண்ணும் கிடையாது, ஒருத்தரோட மீடியம் இன்னொருத்தருக்கு டார்க். அதனால நான் கவரை நம்புறதில்ல, கொட்டையைத்தான் பார்ப்பேன். மேல எண்ணெய் இல்லாம காய்ஞ்ச பழுப்பா இருக்கணும். பளபளன்னு எண்ணெய் மினுங்குச்சுன்னா ஒண்ணு நல்லா கருக வறுத்திருக்காங்க, இல்ல பழசு.

பிளெண்ட்னா மட்டம், ஒரே தோட்டத்துக் கொட்டைதான் உசத்தின்னு ஒரு பேச்சு இருக்கு, எனக்கு அதுல உடன்பாடில்ல. விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் மாறும், காலையில எனக்கு வேண்டியது நேத்து குடிச்ச அதே ருசி, அதுக்குத்தான் கலக்குறாங்க. பிரேசில் கொட்டை கனத்துக்கும் சாக்லேட் வாசத்துக்கும், எத்தியோப்பியா பழ வாசத்துக்கு, கொலம்பியா நடுவுல நின்னு இனிப்புக்குன்னு சேர்ப்பாங்க. ரொம்பப் பழைய பிளெண்டா சொல்றது மோக்கா ஜாவா, ஏமன் கொட்டையும் ஜாவாத் தீவுக் கொட்டையும் சேர்ந்தது. காபியில அராபிகா, ரோபஸ்டான்னு ரெண்டு முக்கிய வகை இருக்கு, ரோபஸ்டா கலந்திருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க. அராபிகாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கஃபைன், கசப்பும் தூக்கலா இருக்கும். பால் சேர்த்தா அந்த கனம் நல்லாத் தாங்கும், பாலில்லாம குடிக்கிறவங்க அராபிகா மட்டும் இருக்குறதா வாங்கிக்கலாம்.

இன்னொண்ணு, எக்ஸ்பயரி தேதியை விடுங்க, வறுத்த தேதியைத் தேடுங்க. அது போடலைன்னா நான் வாங்கவே மாட்டேன். வறுத்து 5 நாள்லேர்ந்து ஒரு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும். ரொம்பப் புதுசும் ஆகாது, உள்ள கார்பன் டைஆக்சைடு நிறைய அடைச்சிருக்கும், கவர்ல சின்ன வால்வு வச்சிருக்குறதே அது வெளிய போகத்தான். 250 கிராமுக்கு மேல ஒரே தடவை வாங்காதீங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கவே வைக்காதீங்க, ஈரமும் இழுக்கும், உள்ள இருக்குற மத்த வாசமெல்லாம் ஏறிடும்.

இப்போ என் புளிப்புக்கு வருவோம். குற்றவாளி கிரைண்டர். பிளேடு சுத்தி வெட்டுற கிரைண்டர்ல அரைச்சா பாதி மாவு, பாதி குறுணை. மாவுல இருக்குற எல்லாம் ஒரேயடியா தண்ணியில இறங்கி கசப்பும் துவர்ப்பும் வரும், குறுணை சரியா இறங்காம புளிக்கும், ஆக ஒரே கப்புல மூணும் இருக்கும், எதைச் சரி பண்ணுவீங்க. கையால சுத்துற பர் கிரைண்டர், அதாவது வெட்டாம ரெண்டு பல்லுச் சக்கரத்துக்கு நடுவுல ஒரே அளவா நொறுக்குறது, வாங்கினதுக்கப்புறம்தான் எனக்கு விடிஞ்சுது. புது காபி மேக்கர் வாங்கக் காசு வச்சிருக்குறவங்க முதல்ல இதை வாங்குங்க, சண்டை வேணாலும் போடுறேன்.

நான் பண்றது பேப்பர் ஃபில்டர்ல ஊத்துற முறை. 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணி, ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசு வச்சுக்கோங்க. அரைவை மேஜை உப்பை விட ஒரு பிடி பெருசா இருக்கணும். தண்ணி கொதிச்சு இறக்கி அரை நிமிஷம், 93 லேர்ந்து 95 டிகிரி. பேப்பரை முதல்ல வெந்நீர்ல நனைச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிடணும், இல்லன்னா அட்டை வாசம் வரும். முதல்ல 40 மில்லி தண்ணி மட்டும் ஊத்தி 40 செகண்ட் பொறுங்க, தூள் பொங்கி குமிழ் விடும், பொங்கவே இல்லன்னா கொட்டை பழசுன்னு புரிஞ்சுக்கலாம். மிச்சத்தை ரெண்டு மூணு தடவையா மெதுவா வட்டமா ஊத்தணும், எல்லாம் வடிய மொத்தம் 3 நிமிஷம்.

புளிச்சா இன்னும் நைசா அரைங்க, சூட்டைக் கூட்டுங்க. கசந்தா இதுக்கு நேர் எதிர். துவர்த்தா பெரும்பாலும் தண்ணி ஒரு பக்கமா ஓட்டை போட்டுக்கிட்டு ஓடியிருக்கும், இல்ல மாவு அதிகம், அப்ப ஊத்துற கையைக் கவனிங்க. சப்புன்னு இருந்தா தூள் பத்தல. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, நான் மூணை ஒண்ணா மாத்தித்தான் ரெண்டு வாரம் வீணாக்கினேன்.

எல்லாம் பண்ணியும் உப்புசப்பில்லாம இருந்தா தண்ணியைச் சந்தேகப்படுங்க. தாது உப்பே இல்லாத சுத்திகரிச்ச தண்ணியில ருசி எடுக்காது, ரொம்ப உப்புத் தண்ணின்னா இருக்குற வாசத்தையும் அமுக்கிடும்.

ஃபிரெஞ்ச் பிரஸ், அதாவது தூளை ஊறவச்சு வலையால கீழ அழுத்துற குடுவை, வச்சிருக்குறவங்க கொரகொரன்னு அரைச்சு 4 நிமிஷம் விட்டா போதும், வலை வழியா எண்ணெயும் இறங்குறதால கனமா இருக்கும். பேப்பர் அந்த எண்ணெயைப் பிடிச்சுக்கும். ஜெர்மனியில மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு அம்மா 1908 ல மையொத்துற தாளை வச்சு இந்தப் பேப்பர் வடிகட்டியைக் கண்டுபிடிச்சாங்க, வண்டல் வாயில மாட்டுற கடுப்புதான் காரணம்.

அந்தத் திட்டு வாங்கின பாக்கெட்ல கடைசியா ஒரு 60 கிராம் மிச்சமிருந்தப்பதான் கிரைண்டர் கைக்கு வந்துச்சு. அரைவை அளவைத் திருகி ரெண்டு கிளிக் நைசாக்கினேன், சாக்லேட் வந்துச்சு. சிட்ரஸ் மட்டும் வரல, பொய்தான்னு நினைச்சு கப்பை மேஜையில வச்சுட்டு போன் பேசப் போயிட்டேன், திரும்பி வந்து ஆறின காபியை ஒரு வாய் வச்சா இருக்கு, லேசா, வாயோட ஓரத்துல. பாக்கெட்ல மிச்சம் மூணு கப்புக்குத்தான் இருந்துச்சு.