நல்ல தண்ணியைக் கொட்டும் வேலை

உவரியில் எங்களுக்குத் தண்ணி இரண்டு வகை. கடலில் இருப்பது உப்புத் தண்ணி, குடிக்கிறது நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணிக்குக் குடத்தோடு தெருக்குழாயில் வரிசை நின்று வளர்ந்தவன் நான். கனடாவில் ஒன்டாரியோ ஏரிக்கரைப் படகுத்துறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, அக்டோபர் வந்தால் படகுகளில் இருக்கும் நல்ல தண்ணியைத் தரையில் திறந்துவிடுவதே என் வேலை என்று ஆயிற்று. போனில் சொன்னேன். "ஏல, தண்ணியக் கொட்டுததுக்குச் சம்பளமா?" என்றாள் அம்மா.

அங்கே பனிக்காலத்துக்கு முன் படகுகளைப் பட்டை கட்டித் தூக்கிக் கரையில் நிறுத்திவிடுவார்கள். வசந்தம் வரை அப்படியே நிற்கும். உள்ளே வீடு போலவே டேங்க், பம்பு, ஹீட்டர், குழாய் எல்லாம் உண்டு. தண்ணி உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். போக இடமில்லை என்றால் பித்தளையும் பிளக்கும்.

முதலில் ஹீட்டரின் கரண்டை நிறுத்த வேண்டும். காலி ஹீட்டரில் கரண்ட் ஓடினால் சூடாக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். டேங்கையும் ஹீட்டரையும் வடித்த பிறகு, ஹீட்டருக்கு வருகிற, போகிற ஹோஸ் இரண்டையும் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்ப்போம். இல்லாவிட்டால் ஹீட்டர் வயிற்றை நிரப்பவே 20 லிட்டர் மருந்து போய்விடும். மருந்து என்றால் குழாயில் மிஞ்சும் தண்ணி உறைந்து பிளக்காமல் இருக்க ஏற்றும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ், புரொப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிதண்ணிக் குழாய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பம்பின் உறிஞ்சு ஹோஸைக் கேனுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் சுடுதண்ணி, பச்சைத்தண்ணி இரண்டையும் திறப்போம். வெள்ளைக் கப்பில் பிடித்துப் பார்ப்பேன். வெளிர் ரோஸைப் பார்த்ததும் மூடிவிட்டால் போச்சு. கேனில் மைனஸ் 50 பாரன்ஹீட் குளிர் வரை தாங்கும் என்று போட்டிருப்பான். தண்ணி கலந்த மருந்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. நிறம் அடர்ந்து வர வேண்டும். கடைசியில் குழாய்களைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு இறங்குவோம்.

முதல் வருஷம் ஒரு படகில் எல்லாம் முடித்தேன், ஒன்றைத் தவிர. நீந்திவிட்டு ஏறுகிறவர்கள் காலைக் கழுவ, பின்பக்கத்தில் மூடி போட்ட சின்னக் குழிக்குள் ஒரு கைஷவர் இருக்கும். மூடியைத் திறக்கவில்லை. மே மாதம் டேங்கை நிரப்பினார் படகுக்காரர். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் நிமிஷத்துக்கு ஒருதரம் பம்பு டக்டக்கென்று ஓடி நின்றது. டார்ச்சோடு நெளிந்து உள்ளே போய்த் தடவினேன். அந்தக் கைஷவரின் வால்வில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், நகத்தில் இடறியது. வால்வு விலை ஒன்றுமில்லை. அதை எட்டுவதற்குப் பின்பக்க அலமாரியையே கழற்ற வேண்டியிருந்தது. அரைநாள். "இதைப் பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். மூடி இருந்தது என்று எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் எந்தப் படகில் ஏறினாலும் அந்த மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஹீட்டர் பக்கமே போவேன்.

போன தடவை அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தேன். ராத்திரி கை கழுவப் போனால் குழாயில் தண்ணி இல்லை. சரி என்று படுத்துவிட்டேன். விடியற்காலையில் நல்ல தண்ணி விட்டிருக்கிறார்கள். நான் திறந்துபோட்ட குழாய் வழியே அது முற்றம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காலிக் குடத்தோடு நின்றாள்.

"இதுக்கு எவ்வளவுல குடுப்பாவ?"