கையைக் கண்டால் சீறிய மிளகு

மிளகு எங்களிடம் வந்தபோது அதற்கு மூன்று வயது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஆண் காக்டீல். ஆஸ்திரேலியக் கிளி இது, காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் சென்னை வீடுகளில் லவ் பேர்ட்ஸும் காக்டீலும்தான் அதிகம்.

முன்பு வளர்த்தவர்கள் வெளிநாடு கிளம்பியதால் எங்களிடம் கொடுத்தார்கள். தீனிக்கும் தண்ணீருக்கும் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் வருவதற்கு முன்பே, கடையில் இருந்தபோதே, கூண்டுக்குள் கை விட்டு அள்ளிப் பிடிப்பதும் இறக்கை வெட்டுவதும் நடந்திருக்கிறது. அதிலிருந்து மனிதக் கை என்றாலே அதற்குப் பிடிக்க வருகிற ஒன்றுதான். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனால்கூடக் கொண்டையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து சீறும். இன்னும் கிட்டே போனால் கம்பிகளில் முட்டி மோதும்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடி, இரண்டு நாள் கத்தும், அப்புறம் தானாகப் பழகிவிடும். இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அப்படிப் பிடித்தால் பறவை அடங்கிப்போகும், அவ்வளவுதான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்கிறோம். எனக்கு அது தானாக என் கிட்டே வர வேண்டும்; வேண்டாம் என்றால் விலகிப் போகவும் வேண்டும்.

முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைத்துக்கொள்ளும் என்பதால், பயம் என்று நாம் நினைப்பது வலியாகவும் இருக்கலாம். மிளகுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்தது கூண்டு வைக்கும் இடம். ஹால் நடுவில், நான்கு பக்கமும் ஆள் நடமாட்டம் இருந்தால் இரையாகும் உயிருக்கு எந்நேரமும் காவல் வேலைதான். ஒரு மூலைக்கு மாற்றி, இரண்டு பக்கம் சுவர் வருமாறு, நம் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்தோம். சுற்றும் ஃபேனின் நிழல் விழாத மூலை. இதற்கே பாதிச் சீறல் குறைந்தது.

பிறகு கொஞ்ச நாள் நான் செய்த வேலை, உட்கார்ந்திருப்பது மட்டும்தான். நாற்காலியை எங்கே போட்டால் கொண்டை தளர்கிறதோ அங்கேயே இருந்துவிடுவேன். காக்டீலின் மனதைப் படிக்கக் கொண்டை போதும். படுத்திருந்தால் பயமோ கோபமோ, விறைத்து நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. முகத்துக்கு நேராக உற்றுப் பார்க்கவே மாட்டேன். பூனையும் பருந்தும் அப்படித்தான் பார்க்கும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, அலகை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தது. தூக்கம் வரும் பறவை செய்வது அது. அன்றிலிருந்து நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன்.

எந்தத் தீனி மேல் அதற்கு உயிர் என்று தெரிந்தால்தான் பயிற்சி. சூரியகாந்தி விதை, கம்பு, முருங்கைக் கீரை, தினைக் கதிர் எல்லாம் வைத்துப் பார்த்தோம். ஓடிப்போய்த் தினையில்தான் விழுந்தது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தானே இது! அன்றாடக் கிண்ணத்திலிருந்து தினையை மட்டும் எடுத்துவிட்டேன். மற்ற தீனி வழக்கம்போல இருக்கும். பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. நூறு கிராம்கூட இல்லாத உடம்பு அதைத் தாங்கவும் தாங்காது.

அப்புறம் டார்கெட் குச்சி. ஒரு மெல்லிய மரக்குச்சியின் நுனியை அலகால் தொட்டால் நாக்கால் ஒரு ‘டக்’, உடனே தினை. டால்பின்களுக்கு விசில் ஊதிப் பழக்குவதும் இதே முறைதான். நீ இப்போது செய்தாயே, அதுதான் சரி என்று அந்தச் சத்தம் நொடி பிசகாமல் சொல்லிவிடும். ஆனால் மிளகுக்குக் குச்சியும் பயம். கூண்டுக்கு வெளியே தூரத்தில் ஒரு ஸ்டூல் மேல் அதைப் போட்டுவைத்து, சில நாளுக்கொரு முறை கிட்டே கொண்டுவந்தோம். குச்சியை எட்டிப் பார்த்தாலே ‘டக்’. கழுத்தை நீட்டினால் ‘டக்’. ஒருநாள் காலையில், கம்பிக்கு வெளியே நான் பிடித்திருந்த நுனியை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது, அலகை லேசாகத் திறந்து தொட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றது. கொண்டை பாதிக்குச் சாய்ந்திருந்தது. என் கை நடுங்கியதில் தினை பாதி கீழே கொட்டிவிட்டது.

“குச்சியைத் தொட்டதுக்கா இவ்வளவு சந்தோஷம்?” என்றார் அம்மா.

“தொட்டது அதுவா வந்தும்மா. நான் பிடிச்சு இழுக்கலை.”

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. காலையில் கிண்ணம் நிரப்பும் முன் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், குச்சியை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். விலகினால் விட்டுவிடுவார்கள் என்று புரியப் புரிய, அது விலகுவது குறைந்தது. குச்சியின் பின்னாலேயே கம்பு விட்டுக் கம்பு மாறி, கூண்டு வாசல்வரை வந்தது.

இந்த நேரத்தில் தீபாவளி. பட்டாசுக்கு அரசு குறித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் தெருவில் நள்ளிரவு வரை வெடித்தார்கள். காக்டீல்கள் இருட்டில் திடுக்கிட்டால் கண்மண் தெரியாமல் இறக்கை அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். அதனால் உள்ரூமில் ஜன்னலைச் சாத்தி, ஒரு சின்ன நைட் பல்பு போட்டு, கூண்டுக்கு மேலே பாதிக்கு மட்டும் துணி போட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். காயம் இல்லாமல் தப்பித்தது. ஆனால் மறுநாள் குச்சியைப் பார்த்ததும் பழையபடி சீறியது. சரி என்று ஸ்டூலுக்கே திரும்பிப் போனோம். இந்தத் தடவை பழைய இடத்துக்கு வர அதற்கு அதிக நாள் ஆகவில்லை.

கைக்கு வந்தது கடைசியில்தான். கையை அசைக்காமல் மேஜை மேல் வைத்து, தினையை முதலில் கையிலிருந்து தள்ளி வைத்தேன், பிறகு விரல் பக்கத்தில், பிறகு கையைத் தாண்டி. ஒரு கால் என் விரல் மேல் வைத்தாலே பரிசு. இரண்டாவது கால் ஏறிய அன்று அதன் பாதங்களின் சூட்டை உணர்ந்தேன். தூக்காமல் அப்படியே வைத்திருந்தேன். தின்றுவிட்டு இறங்கிப் போனது. எப்போது வேண்டுமானாலும் இறங்க விடுவார்கள் என்று அதற்குத் தெரிந்த பிறகுதான் கையைத் தூக்க ஆரம்பித்தேன்.

இறகு உதிர்ந்து வெட்டிய இடத்தில் புது இறகு வந்துவிட்டது. அது வெளியே இருக்கும்போது ஃபேன் ஓடாது, சமையலறைக் கதவு சாத்தியிருக்கும். கன்னத்தைச் சொறியக் கொடுக்கிறது. முதுகைத் தொட இன்னும் விடுவதில்லை, நானும் தொடுவதில்லை. இப்போது பயணப் பெட்டிக்குள் தானாகப் போகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது யாரும் பிடித்து அடைக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே போய்த் தினை தின்கிறது. பெட்டிக் கதவில் நான் கை வைத்தால் மட்டும் வெளியே வந்துவிடுகிறது.