எட்டே முக்கால் லட்சத்துக்கு வந்த நாற்பது லட்ச ரூபாய்க் கார்

கிலோமீட்டருக்கு 34 ரூபாய். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஜெர்மன் செடானை ஓட்டுவதற்கு இந்த மூன்று ஆண்டுகளில் ஆன செலவு அதுதான். அதில் டீசல் ஆறரை ரூபாய். மீதி எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. ஊரார் பில்லையெல்லாம் அடுக்கிப் பழகிய கைக்குச் சொந்தக் கார் பில்லைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஆசை என் கணவருடையது. மாங்காய் மண்டி வைத்திருக்கிறார்; காவேரிப்பட்டணம் பக்கம் கொஞ்சம் தோப்பும் உண்டு. 2022இல், ஆடி மாதத்தில் கார் வாங்க ஆள் வராது என்று தெரிந்தே கோயம்புத்தூருக்கு விலை பேசப் போனோம். ஒரு டாக்டர் வைத்திருந்த 2013 மாடல், இரண்டு லிட்டர் டீசல், ஓடியிருந்தது 1,38,000 கிலோமீட்டர். புதிதாக நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. எட்டே முக்கால் லட்சத்துக்கு முடிந்தது. முன்பணம் கொடுத்துவிட்டு ஆவணி பிறந்ததும் எடுத்து வந்தோம்.

பெங்களூரில் இதே கார் ஒன்றரை லட்சம் குறைவாகக் கிடைத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான் என்பதால் கணவருக்கு அதில்தான் கண். நான் மறித்தேன். வேற்று மாநில வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அப்போது கட்டும் ஆயுள் வரிக்கு, நாம் பேரம் பேசி முடித்த விலை பொருட்டல்ல. கார் முதலில் விற்ற விலையை எடுத்துக்கொண்டு வயதுக்குத் தக்கபடி தள்ளுபடி செய்து கணக்கிடுகிறார்கள். நாற்பது லட்சத்தை அடியாக வைத்துச் சதவீதம் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் லாபம் இருந்த இடம் தெரியவில்லை. டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் கார்களும் இதே கதைதான். அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த கெடுபிடியால் விலை விழுந்தது. இங்கே வந்ததும் வரி எழுந்து நிற்கிறது.

இந்த வரிக் கணக்கில் உள்ள சூட்சுமம்தான் காரின் எல்லாச் செலவிலும் இருக்கிறது. பத்து வருடத்தில் காரின் விலை ஐந்தில் ஒன்றாகிவிடும். அதற்குள் இருக்கும் உதிரிப்பாகம் ஒன்றின் விலைகூட ஐந்தில் ஒன்றாகாது. அது இன்னமும் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் பாகம்தான்.

முதல் ஆண்டு டயரில் தொடங்கியது. வண்டியில் இருந்தவை ரன்ஃபிளாட் டயர்கள். காற்று முழுதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம் என்பதால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. அந்த ஏற்பாடெல்லாம் வழுவழுப்பான சாலைக்கு. பாலக்கோடு சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் டயரின் பக்கச் சுவர் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. காவேரிப்பட்டணம் பஞ்சர் கடைக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். "அம்மா, இதை என் மெஷின் கழற்றாது. கழற்றினாலும் ரிம்மில் கீறல் விழும், அப்புறம் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்" என்றார். நேர்மையான மனிதர். ரன்ஃபிளாட் நான்குக்குக் கேட்ட விலையைக் கேட்டுவிட்டுச் சாதாரண டயர் நான்கு 48,000 ரூபாய்க்குப் போட்டோம். ஸ்டெப்னிக்காகப் பழைய ரிம்மும் டயரும் 14,000.

அடுத்தது முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம்கள், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கைகள். ரப்பர் புஷ் கிழிந்து, வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்கும். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேகத்தடை உள்ள மாவட்டம் இது. பாதிக்கு வெள்ளைக் கோடுகூட இல்லை. இரண்டு பக்கமும் மாற்ற 74,000.

பேட்டரி போனபோது உள்ளூர்க் கடைக்காரர் பானட்டைத் திறந்து வெகுநேரம் தேடினார். அது டிக்கியில் இருக்கிறது. மாட்டினால் மட்டும் போதாது, புதிய பேட்டரி வந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றியது போலவே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். 31,000.

கியர்பாக்ஸ் எண்ணெய் விஷயத்தில் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்று போட்டிருக்கிறதே" என்றார் கணவர். யாருடைய ஆயுள் என்று கேட்டேன். இந்த எட்டு வேகக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெங்களூரு வில்சன் கார்டன் பக்கம் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கும் அதையே சொன்னார். ஃபில்டர் தனியாகக் கிடைக்காது. அடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு ஒட்டிப் பிறந்தது, தொட்டியையே மாற்ற வேண்டும். 52,000. வடித்த எண்ணெயை ஒரு வெள்ளை டப்பாவில் ஊற்றிக் காட்டினார், டிகாஷன் கறுப்பு. கணவர் வாயைத் திறக்கவில்லை.

முதல் ஆண்டு இந்த ஐந்தில் மட்டும் 2,19,000 ரூபாய்.

இரண்டாம் ஆண்டின் செலவுகளுக்கு எங்கள் ஊர்தான் காரணம். வீட்டிலிருந்து மண்டி நான்கு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். டீசல் எஞ்சின் இப்படிக் குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடினால் கரி சேர்ந்துகொண்டே போகும். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். பாதை அடைத்துக்கொண்டது. கூலரை மாற்றி, காற்று போகும் வழியெல்லாம் சுரண்டி எடுக்க 61,000. "வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டுங்கள் சார்" என்று மெக்கானிக் வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தொப்பூர் வரை போய் டீ குடித்துவிட்டு வருவது எஞ்சின் வைத்தியம் என்ற பெயரில் நடக்கிறது.

பிறகு எலி. மாங்காய் சீசனில் வண்டியைத் தோப்பு வீட்டில் நிறுத்தினார்கள். காலையில் டேஷ்போர்டு முழுக்க விளக்குகள், வண்டி அசையவில்லை. பானட்டுக்குள் ஒயர் உறையைக் கொறித்துப் பொடியாக்கி, பக்கத்திலேயே பாதி தின்ற மாங்கொட்டையையும் விட்டுப் போயிருந்தது. இந்த காரின் ஒயரிங்கைத் தொடும் ஆள் கிருஷ்ணகிரியில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. லாரியில் ஏற்றிப் பெங்களூரு அனுப்ப 9,000; வேலைக்கு 18,000. இப்போது எஞ்சின் அறையில் துணியில் முடிந்த புகையிலை தொங்குகிறது. பிரேக் டிஸ்க், பேட் 38,000 என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதில் கதை ஒன்றும் இல்லை.

ஹெட்லைட்டில் கதை உண்டு. ரவுண்டானாவில் ஒரு பையன் பைக்கை விட்டு இடித்தான். உடைந்தது விளக்கைப் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் காது ஒன்றுதான். காது தனியாக விற்பனைக்கு இல்லை. விளக்கு முழுதாகத்தான் வாங்க வேண்டும். புதியது ஒன்றேகால் லட்சம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இந்த வயது காருக்கு எங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைக்கவில்லை. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழித்துவிடுவார்கள். பத்தாண்டு தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். போதாததற்கு, பழைய ஸ்விஃப்ட்டை விற்றபோது கணவரின் பெயரில் கொண்டுவந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியும், போய்விடும். கணக்குப் போட்டுவிட்டு, பெங்களூரு சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் ஒரு விளக்கைப் பிடித்து மாட்டக் கூலியோடு 40,000 கொடுத்தோம். அந்தப் பையனிடம் என்ன வாங்குவது? அவன் பைக்கே அவ்வளவு தேறாது.

இன்சூரன்ஸ் ஆண்டுக்குச் சுமார் 30,000. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 7,897 ரூபாய், வரி தனி.

மூன்றாம் ஆண்டு மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு; சூடானதும் நின்றுவிடும். டைமிங் செயின், அதாவது பிஸ்டன் அசைவுக்குத் தக்கபடி வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் சங்கிலி. பல கார்களில் அது எஞ்சினின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டிய இடத்தில். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும் என்பதால் தள்ளிப்போட வழியில்லை. கியர்பாக்ஸைக் கழற்றித்தான் கைவைக்க முடியும். எண்ணெய்த் தொட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் துண்டுகளை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். செயினை நேராகப் பிடித்துக்கொள்ளும் பட்டையின் சிதறல்கள். பழுப்பேறி, நகத்தால் அழுத்தினாலே ஒடிந்தன. 1,90,000. எனக்கு அந்தப் பில்லில் வருத்தமே இல்லை. அந்தத் துண்டுகளைப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன பில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவற்றோடு மூன்று ஆண்டு ஆயில் சர்வீஸ் 60,000, இன்சூரன்ஸ் 91,000. மொத்தம் 7,26,000. கார் இன்று ஆறு லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். அந்த வகையில் 2,75,000 நட்டம். ஆகப் பத்து லட்சம். ஓடியதோ 36,000 கிலோமீட்டர். டீசலைச் சேர்த்துக்கொண்டால் மேலே சொன்ன 34 ரூபாய். கிருஷ்ணகிரியில் இன்னோவாவை டிரைவரோடு வாடகைக்கு எடுத்தால்கூட இவ்வளவு ஆகாது. சர்வீசுக்குப் போகும் நாளில் பறிபோகும் வேலையையும், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடிகளையும் நான் சேர்க்கவில்லை.

என் தம்பி மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். புது பலேனோ விலைக்கு ஆடி ஏ6 ஒன்று வருகிறது என்று போட்டோ அனுப்பியிருந்தான். மீட்டரில் 78,000. ஸ்டியரிங் தோல் கண்ணாடியாய்ப் பளபளக்கிறது, பிரேக் பெடல் ரப்பரில் வரி தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. மீட்டரைத் திருகத் தெரிந்தவனுக்குப் பெடல் ரப்பரை மாற்றத் தோன்றவில்லை. "அத்தை, நீங்கள் வைத்திருக்கிறீர்களே, நான் வாங்கக்கூடாதா?" என்றான். தாராளமாக வாங்கலாம். கடன் இல்லாமல், காரின் விலைக்கு மேல் மூன்று லட்சம் கையில் இருந்து, இது பட்டறையில் படுத்திருக்கும் நாளில் வேலைக்குப் போக இன்னொரு வண்டியும் இருந்தால். அவனிடம் இருப்பது மாதத் தவணைக்கான கணக்கு மட்டும்தான். சர்வீஸ் பில் கட்டு இல்லாமல் விற்பவனிடம் பேசவே வேண்டாம், ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் காரை விற்கப்போவதில்லை. மாமனாருக்கு முதுகுத் தண்டில் கோளாறு. இதன் பின் இருக்கையில்தான் பெங்களூரு ஆஸ்பத்திரி வரை முனகாமல் வருகிறார். பெரிய வேலைகளெல்லாம் செய்து முடித்த காரை அடுத்தவனுக்கு ஆறு லட்சத்துக்குக் கொடுப்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 2028இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது டர்போவாக இருக்கலாம் என்கிறார் மெக்கானிக். அதற்காக மாதம் பத்தாயிரம் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். அந்தக் கணக்கு எந்த வங்கியில் என்று கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் அலாய் வீல் வாங்கிவிடுவார்.