18 அடி சாய்தளம்

என் மகளுக்கு மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஒன்றரை வயது. எட்டு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை என்பது எனக்கு முன்னாலேயே உறுத்திக்கொண்டுதான் இருந்தது, ஆனால் "சில புள்ளைங்களுக்கு லேட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. இப்போது அவளுக்கு ஒன்பது வயது, ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நடுவில் என்னென்ன செய்தோம், எங்கே எங்கே முட்டிக்கொண்டு நின்றோம் என்பதெல்லாம் இதே நிலையில் இருக்கிற ஒரு வீட்டுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது டெல்டாவில் ஒரு சின்ன கிராமம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

வாரம் இரண்டு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போய்வந்தோம். வீட்டுக்காரருக்கு அன்றாடக் கூலி, அவர் கூட வந்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. 2020இல் கொரோனா வந்து பஸ் நின்றதும் சிகிச்சையும் நின்றுபோனது. வீட்டிலேயே கிடந்த அந்த மாதங்களில் அவளுடைய இரண்டு காலும் கத்தரி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டன. டயப்பர் மாற்றக்கூட காலை விரிக்க முடியாமல் அவள் அழுவாள், நானும் அழுவேன்.

அங்கன்வாடி டீச்சர்தான் வட்டார வள மையத்தைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கல்வித் துறையின் கீழ் ஒன்றியத்துக்கு ஒன்று இருக்கிறது, அங்கே வாரத்தில் ஒரு நாள் இயன்முறை மருத்துவர் வருவார், சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், காசு கிடையாது, ஒரே பஸ். இத்தனை பக்கத்தில் இருந்தது எங்களுக்கு ஐந்து வருஷம் தெரியவில்லை. அங்கே வராண்டாவில் எங்களுக்கு முன்னாலேயே ஐந்து அம்மாக்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அக்காவுக்கு பதினான்கு வயதில் பையன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அட்டை வாங்கியாச்சா?"

எந்த அட்டை என்றுகூட எனக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, அப்புறம் யுடிஐடி என்கிற தனித்துவ அட்டை, இந்த இரண்டும் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்று அந்த அக்கா விரல் விட்டுச் சொன்னார். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், எங்கே போனாலும் அந்தப் பையோடு போங்கள். மருத்துவ முகாமுக்கு இரண்டு முறை போய், பார்க்க வேண்டிய டாக்டர் வரவில்லை என்று திரும்பினோம். மூன்றாம் முறைக்கு அந்த அக்கா முந்தின நாளே போன் போட்டு, டாக்டர் வருகிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் எங்களைக் கிளப்பினார். 80 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 80உம் அதற்கு மேலும் என்றால் யுடிஐடி அட்டை நீல நிறத்தில் வரும், 40இலிருந்து 80க்குள் என்றால் மஞ்சள், 40க்குக் கீழே வெள்ளை. பராமரிப்பு உதவித்தொகைக்கு உடனே மனு போட்டோம், காத்திருந்து காத்திருந்து இப்போது மாதம் 2,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறுகிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு மர நாற்காலியில் வந்தது. இவள் உட்கார்ந்தால் முதுகு வளைந்து பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள், அதனால் எந்நேரமும் படுக்கைதான். இயன்முறை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார்: இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் இருக்க வேண்டும், பாதம் தொங்கக் கூடாது, முதுகுப்பக்கம் சுவர் மூலை மாதிரி இரண்டு பலகை, முன்னால் ஒரு தட்டு, காலை அகட்டி வைக்க நடுவில் ஒரு கட்டை. எங்கள் தெரு ஆசாரி தாத்தா டேப்பைத் தொடவில்லை. ஒரு நூலை எடுத்து, பாப்பாவின் இடுப்பிலிருந்து முட்டிவரை ஒன்று, முட்டியிலிருந்து குதிகால்வரை ஒன்று என அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். பழைய கதவுப் பலகையை இழைத்து, ஓரமெல்லாம் உப்புத்தாள் தேய்த்து, நாலு நாளில் செய்துவிட்டார். கூலி வாங்கவில்லை. அதில் உட்காரவைத்த அன்று அவள் முதல் முறையாகத் தெருவை நேராகப் பார்த்தாள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் கூரை ஓடும் மின்விசிறியும்தான். தெருப் பிள்ளைகள் அந்தத் தட்டின்மேல் புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அவள் படுத்தே கிடந்த காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன அதே பிள்ளைகள்தான்.

சிறப்புப் பயிற்றுநர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார், இப்படி ஊரில் இருக்கிறவர்களையும் இருக்கிற பொருளையும் வைத்தே செய்வதற்கு சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று பெயராம். 1978இல் அல்மா-அட்டாவில் நடந்த ஆரம்ப சுகாதார மாநாட்டுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த வழி. 2010இல் வந்த அவர்களுடைய வழிகாட்டியில் உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல் என்று ஐந்து பகுதிகள் இருக்கின்றன. நான் ஐந்து வருஷம் ஓடியது முழுக்க அந்த முதல் பகுதிக்குள்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, பள்ளிக்கு வருகிறேன். 2022இல் ஆறு வயது முடிந்ததும் சேர்க்கப் போனேன். "சிறப்புப் பள்ளியில் சேருங்கம்மா, இங்கே யார் பார்த்துக்கொள்வது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வள மைய வராண்டாவில் வந்து சொன்னேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவைப் பயிற்றுநர் அச்செடுத்துக் கொடுத்தார். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அதாவது எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்ய வேண்டியது நாங்கள். மறுநாள் ஆறு அம்மாக்களும் சேர்ந்து போனோம். சண்டை போடவில்லை, அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு, பாப்பாவை எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது என்று செய்தே காட்டினோம். அவர்களுக்கு இருந்தது பயம், அது செய்து காட்டியதும் பாதி போய்விட்டது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். தூக்கிவிட, ஊட்டிவிட மதியம் நானே வந்துவிடுவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பள்ளி வாசலில் சாய்தளம் ஏற்கெனவே இருந்தது. வாக்குச்சாவடி என்பதால் தேர்தலுக்குப் போட்டது. படி ஒன்றரை அடி உயரம், சாய்தளம் ஐந்து அடிகூட இல்லை. சக்கர நாற்காலி வந்த முதல் வாரம், இறக்கும்போது என் கையிலிருந்து நாற்காலி உருவிக்கொண்டு ஓடி, அவள் முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, அப்படியென்றால் எங்களுக்கு 18 அடி. வாசலுக்கு நேரே அவ்வளவு இடமில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதிக்கொண்டு போனோம். எங்கள் ஆறு பேரில் போலியோவால் ஒரு கால் பாதித்த ஒருவர் இருக்கிறார், நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலைக்கே முழுக் கூலி என்பதை விடாமல் கேட்டு வாங்கியவர். அவர்தான் எழுந்து நின்று பேசினார். "இது ஒரு பாப்பாவுக்குக் கேக்கறதில்ல, ஓட்டுப் போட வர்ற தாத்தா பாட்டி எல்லாரும் இதுலதான் ஏறணும்" என்றார். தீர்மானத்தில் ஏறியது. ஜல்லி, சிமெண்ட் ஊராட்சியிலிருந்து வந்தது, மண் வெட்ட இளைஞர்கள் வந்தார்கள். கொத்தனார் அண்ணன் சுவரை ஒட்டி 'ட' மாதிரி மடக்கி, திருப்பத்தில் நாற்காலி நின்று திரும்ப ஐந்து அடிக்கு ஒரு சமதளம் விட்டுக் கட்டினார். சக்கரம் வெளியே போகாமல் ஓரத்தில் நாலு அங்குலக் கட்டை, பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு கோடாக இழுத்தார், மழையில் வழுக்காமல் இருக்க.

இப்போது காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போக அவள் வகுப்பில் முறை வைத்திருக்கிறார்கள். நான் வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

கழிப்பறை இன்னும் பாக்கி. கதவு இரண்டு அடி அகலம், நாற்காலி உள்ளே போகாது, அதனால் மதியம் நான் போக வேண்டியிருக்கிறது. மூன்று அடிக் கதவும் உள்ளே பிடிமானக் கம்பியும் வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபைக்கு மனு தயார். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறியிருக்கிறது, எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு யார் விண்ணப்பிக்க வேண்டும் என்று வராண்டாவில் போன வாரமே பேசி முடித்துவிட்டோம். கிராம சபையில் எழுந்து நின்று பேசினாரே, அவர்தான்.