திடலோரக் குளம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் நம் பள்ளித் திடல் முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருந்ததே, நினைவிருக்கிறதா? 1970களில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வருடத்தில் பாதி நாள் அது குளம். கெடாவில் மழை குறையும் ஜனவரி முதல் மார்ச் வரை வெறும் வெடித்த சேறு. ரப்பர் மரம் இலை கொட்டுவதும் அப்போதுதான் என்பதால் சருகு வேறு மூடிக் கிடக்கும்.

ஏப்ரலில் ஜெராய் மலைப்பக்கம் கறுத்துச் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால், ஒரே வாரத்தில் முழங்கால் தண்ணீர். முதல் பெருமழைக்கு மறுநாள் காலை திடலில் புல் அசையும். பனையேறிக் கெண்டை! மலாய்ப் பிள்ளைகளைப் போல நாங்களும் புயு என்றுதான் சொல்வோம். செவுள் மூடியை விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி, வாய்க்காலிலிருந்து ஈரப்புல்வழியே பள்ளத்துக்கு வந்து சேரும். அவசரமாகப் பிடித்தால் மூடியோரத்து முள் உள்ளங்கையைக் கீறிவிடும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதன் தலைக்குள்ளேயே இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு மழை கொண்டாட்டம். ரப்பர் மரம் சீவும் அம்மாவுக்கு அப்படியில்லை. விடிகாலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் சீவிய கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், சீவ முடியாது. மழை நாள் கூடக் கூடச் சம்பளம் குறையும். அப்படிப்பட்ட நாட்களில் பள்ளி விட்டதும் தங்கச்சியும் நானும் பழைய சாக்கை ஆளுக்கொரு முனை பிடித்துக் குளத்தில் இறங்குவோம். நாலைந்து புயு கிடைக்கும். அம்மா அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழவழப்பைப் போக்கி, புளி கரைத்து, கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைப்பார். அன்று யாரும் அரை வயிற்றோடு படுத்ததில்லை.

விரால் சிக்கினால் மட்டும் எங்கள் சட்டிக்கு வராது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிள்ளை பெற்ற வீடு இருந்தால் அங்கே போய்விடும். புண் ஆற ஹாருவான், அதாவது விரால்தான் நல்லது என்பது மலாய்க்காரர்கள் நம்பிக்கை. கொடுத்த கையோடு இரண்டு தேங்காய் கிடைக்கும்.

அந்தக் குளத்தை யாரும் படம் எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நம் ஆறாம் வகுப்புப் படத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால், இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. போன மாதம் தங்கச்சிக்கு அனுப்பி, இது என்ன என்று மட்டும் கேட்டேன். "தண்ணிண்ணே, நம்ம குளம்" என்றாள்.