ஒலிப்பதிவுகளைக் காப்பகத்தில் சேர்த்தபோது ஒப்புதல் படிவத்தில் பட்டபாடு

நாற்பத்தோரு ஒலிப்பதிவுகளை இணையக் காப்பகம் ஒன்றில் சேர்த்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. மொழியின் பெயரைச் சொல்லவில்லை. பேசுபவர்கள் மிகக் குறைவு. பெயரைச் சொன்னால் கீழே வருகிறவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

கோப்புகளை வேவ் என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றியது, ஈலான் என்ற மென்பொருளில் எழுத்துப்படியை ஒலியோடு இணைத்தது, மொழியைக் குறிக்கும் மூன்றெழுத்து ஐஎஸ்ஓ குறியீடு போட்டது எல்லாம் சுலபமாக முடிந்தன. மாட்டிக்கொண்டது ஒப்புதல் படிவத்தில்தான்.

பதிவு செய்த நாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். படிவத்தில் "ஆய்வுக்கும் கல்விக்கும்" என்று இருந்ததே தவிர, இணையம் என்ற சொல்லே இல்லை. காப்பகத்தில் முதலில் பார்த்தவர் இதுவே போதும் என்றார். நானும் அவசரப்பட்டு, எல்லாவற்றையும், நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் திறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடமிருந்து மின்னஞ்சல்: படிவம் செல்லாது, ஒவ்வொருவரிடமும் புதிதாக வாங்கி வாருங்கள். அப்படியானால் முதலில் ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு முறை கேட்டேன். பதில் வரவில்லை.

சரி என்று கிளம்பிப் போனேன். அவர்கள் தந்த புதுப் படிவம் நான்கு பக்கம், முழுக்க வக்கீல் நடை. பாட்டி ஒருவர் பாதியிலேயே நிறுத்தி, "நீ சொன்னால் சரிதான், எங்கே ரேகை வைக்கணும்?" என்றார். அவர் நம்பியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படிவத்தை மூடிவைத்துவிட்டுக் கைபேசியில் அவர் குரலையே போட்டுக் காட்டினேன். இதை யார் வேண்டுமானாலும், உங்களுக்குத் தெரியாதவர்களும் கேட்கலாம் என்றேன். வெகுநேரம் யோசித்தார். பாட்டு இருக்கட்டும், அந்தக் கதை வேண்டாம் என்றார். கதையின் நடுவே பக்கத்து வீட்டுக்காரரின் கடன் விஷயம் பெயரோடு வருகிறது. பாட்டி அதை என்னிடம் சொன்னார், ஊருக்குச் சொல்லவில்லை. எழுத்துப்படி எடுத்த எனக்கு அது உறைக்கவில்லை என்பது இன்னும் வருத்துகிறது.

பாட்டியாவது இருந்தார், கேட்க முடிந்தது. பதிவில் பேசிய இன்னொருவர் அதற்குள் இறந்துவிட்டார். அப்பாவின் குரல் இப்படிப் பொதுவில் கிடக்க வேண்டாம் என்றார் மகள். காப்பகம் அன்றைக்கே எடுத்துவிட்டது. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் அதே நிபந்தனையில் தொடர்ந்து பயன்படுத்தலாம். அந்தக் கோப்பு ஆறு முறை இறக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பலரிடம் இறந்தவரின் பெயரையும் குரலையும் தவிர்க்கும் வழக்கம் உண்டு, அதனால் அங்கே காப்பகங்கள் முன்னெச்சரிக்கை போடுகின்றன. அங்குள்ள வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வகுத்துக்கொள்ள முடியும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். என் பதிவுகளுக்கும் இது பொருந்தும் என்று தோன்றாமல் போனது.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் எல்லாவற்றையும் மூடியே ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் திறக்கலாம். தமக்குப் பின் யாரிடம் அனுமதி கேட்பது என்பதைப் பேசுபவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், மெட்டாடேட்டாவை, அதாவது கோப்பைப் பற்றிய விவரக் குறிப்புகளை, வெளியாள் போல வந்து பாருங்கள். பாட்டியின் கதையைப் பூட்டிய பிறகும் அட்டவணைப் பக்கத்தில் அவருடைய முழுப்பெயர், ஊர், பிறந்த ஆண்டு எல்லாம் அப்படியே தெரிந்தன. அதை எடுக்க வைக்க மேலும் ஒரு மாதம் ஆனது.

ஒரு விஷயத்தில் ஜெயித்தேன். கையெழுத்துக்குப் பதிலாக, எதைத் திறக்கலாம், எதைக் கூடாது என்று அவரவர் தங்கள் மொழியிலேயே சொல்வதைப் பதிவு செய்து, அதையே ஒப்புதலாக அனுப்பினேன். நீண்ட வாதத்துக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இப்போது இருபத்தொன்பது கோப்புகள் திறந்திருக்கின்றன, ஒன்பது கேட்டால் மட்டும், மூன்று பூட்டில். அந்த மூன்றில் ஒன்றின் பிரதியைப் பென் டிரைவில் போட்டு, இறந்தவரின் மகளிடம் கொடுத்துவிட்டேன்.